செபமும் வேண்டும், ஆலோசகரும் வேண்டும்



காய்ச்சலுக்கு மாத்திரையும் போடுகிறோம், செபமும் சொல்கிறோம். மனம் உடைந்தவரிடம் மட்டும் "விசுவாசம் போதாது, தியானத்துக்குப் போ" என்கிறோம். இது என்ன நியாயம்?

தற்கொலை செய்தவருக்கு அடக்கச் சடங்கை மறுத்த விதி 1983 திருச்சபைச் சட்டத்தில் இல்லை. கடும் மனநோய் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும் என்கிறது மறைக்கல்வி நூல் (எண் 2282). ரோமை மாறிவிட்டது, நம் தெரு மாறவில்லை.

பாவசங்கீர்த்தனம் பாவத்துக்கு மருந்து. மனச்சோர்வு பாவமே அல்லவே!

திருவிழாத் தேருக்கு வரி பிரிக்கும் பங்குப் பேரவையால், மாதம் இரண்டு நாள் பயிற்சி பெற்ற ஆலோசகரை அமர்த்த முடியாதா? கோயில் வளாகம் வேண்டாம். நாலு பேர் பார்ப்பார்கள் என்று வரமாட்டார்கள். பள்ளிக்கூட அறை போதும். அங்கே பேசியது பங்குத்தந்தை காதுக்கும் போகக்கூடாது.

அதுவரை, அரசின் டெலி மானஸ் 14416: 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். அடுத்த அன்பியக் கூட்டத்தில் இதைச் சத்தமாகச் சொல்லுங்கள்.