சுண்ணாம்பு பட்ட கண்ணும் மீந்துபோன சொட்டு மருந்தும்

பொங்கலுக்கு முன்னாடி மாட்டுக் கொட்டகைக்கு வெள்ளையடிக்க ஏற்பாடு பண்ணினோம். சுண்ணாம்புக் கல்லில் தண்ணி ஊத்தினதும் கொதிச்சுத் தெறிச்சு, கூடமாட உதவ வந்த பக்கத்து வீட்டுப் பையன் கண்ணுல பட்டுடுச்சு. பெரியம்மா விளக்கெண்ணெய் எடுக்க ஓடினாங்க. நான் அவனைக் குழாயடியில் உட்காரவைத்து அரை மணி நேரம் தண்ணி விட்டேன். இமைக்குள் ஒட்டியிருந்த துணுக்கும் வந்தது. அப்புறம்தான் குமணன்சாவடி போய் ஆட்டோ பிடித்தோம்.

ஆசிட்டை விடச் சுண்ணாம்பு மோசம். காரம் கருவிழிக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும்.

டாக்டர் கொடுத்த சொட்டு மருந்துகளில் ஒன்று ஸ்டீராய்டு. நம் உடம்பில் சுரக்கும் கார்டிசோல் ஹார்மோனுக்கு உறவுக்காரன். முதல் வாரம், 10 நாள் வீக்கத்தை அடக்கிக் கருவிழியைக் காப்பாற்றும். புண் மூடாமல் அதற்குமேலும் விட்டால், ஆற விடாமல் செய்து கருவிழியே கரையலாம். அப்போது சில டாக்டர்கள் மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோனுக்கு மாற்றுவார்கள். அரசு ஆஸ்பத்திரியில் போடும் அந்தரா கருத்தடை ஊசியில் இருப்பதும் அதே ஹார்மோன் மருந்துதான்! வீக்கத்தை அடக்குவதில் கொஞ்சம் பலம் கம்மி, ஆனால் புண் ஆறுவதை அவ்வளவாகத் தடுக்காது.

எந்த நாளில் எதை நிறுத்துவது என்பது விளக்கு வைத்துக் கண்ணைப் பார்ப்பவருக்குத்தான் தெரியும். நாமோ பழைய பாட்டிலைக் காட்டி மெடிக்கலில் வாங்கிவிடுகிறோம். பட்டணத்திலும் அதே கதைதானே?

பையனுக்குக் கண் தெளிஞ்சிடுச்சு. மீந்த பாட்டிலை அவங்கம்மா பத்திரமா எடுத்து வைத்திருந்தாங்க. நானே வாங்கிக் குப்பையில் போட்டேன். கோபம்தான் அவங்களுக்கு.