சுடாமல் இறக்கும் துப்பாக்கிக்கும் விதி வேண்டும்

2021 டிசம்பர் 30 அன்று, புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையில் தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் துப்பாக்கிக் குண்டு ஒன்று பாய்ந்தது. பசுமலைப்பட்டியில் உள்ள துப்பாக்கி சுடும் தளத்தில் அன்று மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர் பயிற்சியில் இருந்தார்கள். தளத்துக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு கிலோமீட்டருக்கு மேல் தூரம். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிகிச்சை அளித்தும் பலனில்லை. 2022 ஜனவரி 3-ம் தேதி சிறுவன் இறந்துபோனான். தமிழக அரசு 10 லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவித்தது.

பயிற்சிக்கென்றே ஒதுக்கிய தளம், அசையாத இலக்கு, பகல் வெளிச்சம். இத்தனையும் இருந்தும் குண்டு ஊருக்குள் வந்தது. இதை இப்போது நினைவுபடுத்தக் காரணம், காட்டுப்பன்றி.

பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளைச் சுட 2025 ஜனவரியில் தமிழக அரசு வழி திறந்தது. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை சுடக் கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். நிலக்கடலை விதைத்துவிட்டு இரவெல்லாம் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் விவசாயிக்கு இது நியாயமான ஆறுதல். ஒரே இரவில் கொல்லையைக் கிளறிப் போட்டுவிடும் பன்றிக் கூட்டத்தின் முன் அவரைப் பொறுமையாக இருக்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால் அந்த மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதுதான் ஊர். கிலோமீட்டர் கணக்கு, எங்கே சுடலாம் என்பதைச் சொல்கிறது. துப்பாக்கியைத் தூக்கிய பிறகு எப்போது சுடாமல் இறக்க வேண்டும் என்பதை அது சொல்லாது.

அந்தக் கேள்வியோடு அதிகம் மல்லுக்கட்டியவர்கள் வில்லால் மான் வேட்டையாடுகிறவர்கள். இந்தியாவில் 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம்; அது அப்படியே இருக்கட்டும். பிரிட்டனிலும் மானை அம்பெய்து கொல்லத் தடை உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலமோ 1934-லேயே வில் வேட்டைக்கென்று தனிப் பருவம் ஒதுக்கியது. டென்மார்க்கில் வில்லோடு வேட்டைக்குப் போக முதலில் தேர்வில் தேற வேண்டும்.

அவர்களுடைய எச்சரிக்கைக்குக் காரணம் எளிய கணக்கு. இன்றைய நவீன வில்லிலிருந்து கிளம்பும் அம்பு விநாடிக்குச் சுமார் 90 மீட்டர் போகும். நாண் விடுபடும் ஓசையோ 340 மீட்டர் போகும். 30 மீட்டர் தள்ளி நிற்கும் மானை அம்பு எட்ட மூன்றில் ஒரு பங்கு விநாடி ஆகும்; ஓசை பத்தில் ஒரு பங்கு விநாடிக்குள் போய்ச் சேர்ந்துவிடும். மிச்சமிருக்கும் கால் விநாடி மானுக்குப் போதும். பாய்வதற்காக அது முதலில் கால்களை மடக்கி உடம்பைத் தாழ்த்தும். நெஞ்சுக்கு வைத்த குறி முதுகில் படும், இல்லையென்றால் தலைக்கு மேலே பறந்துபோகும். அதனால்தான் காதை நிமிர்த்தி விறைத்து நிற்கும் மான்மீது அனுபவசாலிகள் எய்வதில்லை. நேருக்கு நேர் பார்த்து நிற்கும் மானையும் விட்டுவிடுகிறார்கள். எலும்பில் பட்டு அம்பு விலகினால், காயத்தோடு ஓடும் மான் எங்கோ ஒரு புதரில் நாள் கணக்கில் துடித்துச் சாகும். இருட்டத் தொடங்கினால் ரத்தத் தடம் பார்த்துப் போக முடியாது. அப்போதும் வில் இறங்கிவிடும்.

இவர்களிடம் கற்க வேண்டியது இன்னொன்று. இத்தனை மீட்டருக்கு மேல் எய்வதில்லை என்ற எல்லையை மைதானத்தில் பழகும்போதே முடிவு செய்துகொள்கிறார்கள். மானைக் கண்ட பிறகு அதை நீட்டுவதில்லை. நெஞ்சு படபடக்கும் அந்த நேரத்தில் எடுக்கும் முடிவை அவர்கள் நம்புவதில்லை.

நம் இதிகாசங்களுக்கு இந்தப் பயம் நன்றாகவே தெரியும். சரயு நதிக்கரையில், குடத்தில் நீர் நிறையும் ஓசையை யானை என்று நினைத்து எய்தார் தசரதர். செத்தது பார்வையற்ற பெற்றோரின் ஒரே பிள்ளை. மரத்தடியில் படுத்திருந்த கண்ணனின் பாதத்தை மான் என்று நினைத்து எய்தான் ஜரன். ஒருவர் கேட்டது ஓசை, இன்னொருவன் கண்டது பாதம். முழு உருவத்தை இருவருமே பார்க்கவில்லை.

பழங்கதைதானே என்று ஒதுக்கிவிட முடியாது. 2021 நவம்பரில் வயநாடு மாவட்டம் கம்பளக்காடு பகுதியில், பன்றிக்குக் காவலாக இரவு வயலுக்குப் போன ஒருவர் குண்டு பட்டு இறந்தார். காட்டுப்பன்றி என்று நினைத்துச் சுட்டுவிட்டதாகக் கைதானவர்கள் சொன்னார்கள்.

புதுக்கோட்டை மாவட்ட நிலத்துக்கு இந்த ஆபத்து கூடுதல். பெரும்பகுதி சமவெளி, தாண்டிப் போகும் குண்டை வாங்கிக்கொள்ள மண்மேடு கிடையாது. இருக்கும் குன்றுகளோ மொட்டைப் பாறைகள். பட்ட குண்டு எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சுட்டவராலும் சொல்ல முடியாது. கொல்லைக்கு நடுவிலேயே வீடுகள் இருக்கின்றன. அம்பு கொஞ்ச தூரத்தில் விழுந்துவிடும். ரைபிள் குண்டு எவ்வளவு தூரம் வரும் என்பதை நார்த்தாமலை பார்த்துவிட்டது. காயத்தோடு தப்பிய பன்றி சீமைக் கருவேலங்காட்டுக்குள் புகுந்துகொண்டால், மறுநாள் காலையில் அதன் எதிரே போய் நிற்கப்போவது ஆடு மேய்க்கிறவரும் விறகு பொறுக்கும் பெண்ணும்தான்.

எனவே சில கட்டளைகள் எழுத்தில் இருக்க வேண்டும், சுடப் போகிறவரின் கையிலும் இருக்க வேண்டும். முழு உருவமும் கண்ணில் படாமல் விசையைத் தொடக் கூடாது. அசைவும் உறுமலும் போதாது. பன்றிக்குப் பின்னால் மண் தெரிய வேண்டும். பாறையோ, விளக்கு வெளிச்சமோ, வெறும் இருட்டோ தெரிந்தால் சுடக் கூடாது. ஓடும் பன்றியையும் கூட்டமாக நெருங்கி நிற்கும் பன்றிகளையும் விட்டுவிட வேண்டும். தரையில் நின்று சுடுவதைவிடப் பரண்மீது இருந்து சுடுவது மேல். குண்டு கீழ்நோக்கிப் பாய்ந்து மண்ணுக்குள் இறங்கும். தினைக்கும் சோளத்துக்கும் காவல் காக்கப் பரண் கட்டிய ஊர்களுக்கு இது புதிதும் அல்ல. சுடப்போகும் இரவைச் சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் முன்கூட்டியே தண்டோரா போட்டுச் சொல்லிவிட வேண்டும்.

இவற்றைக் கடைப்பிடித்தால் பல இரவுகளில் பன்றி தப்பிவிடும். வனக்காவலர் வெறுங்கையோடு திரும்புவார், ஊரில் முணுமுணுப்பு எழும். அந்த நெருக்கடிதான் அடுத்த இரவில் அவரை அவசரப்பட வைக்கும். ஆகவே சுடாமல் திரும்பிய இரவை, காரணத்தோடு, முறையான பணியாகப் பதிவேட்டில் எழுத அனுமதிக்க வேண்டும். அன்றிரவு அழிந்த கடலைக்கு அந்தப் பதிவையே சாட்சியாக வைத்து, விவசாயியை அலுவலகம் அலுவலகமாக அலையவிடாமல், இழப்பீட்டை வழங்கிவிட வேண்டும்.