தேடுவோர்க்கு இணங்கும் தரவுத்தளங்கள்

நூலின் பெயரை ஒருவர் அரைகுறையாகக் கூறினாலும், அனுபவம் வாய்ந்த நூலகர் அதனை ஊகித்து எடுத்துத் தந்துவிடுவார். கணிப்பொறியிலுள்ள தரவுத்தளத்திற்கு இத்தகைய ஊகம் இயல்பாக அமைந்ததன்று. 'மரம்' என்று தேடினால் 'மரம்' என்றே எழுதப்பட்ட பதிவுகளை மட்டும் அது காட்டும். 'மரத்தை', 'மரங்கள்' என்பவை இருந்தும் இல்லாதவையே. 'லட்சுமி' என்று தேடுவோருக்கு 'இலட்சுமி'யும் 'லக்ஷ்மி'யும் அகப்படுவது அரிது. பொதுப்பணத்தில் தொகுக்கப்பெற்ற செய்திகள் பொதுமக்களுக்கு எட்டாமற் போவதற்கு இதுவும் ஒரு காரணமாகும். இக்குறையை நீக்கப் பெரும் பொருட்செலவு தேவையில்லை என்பதை அரசுத் துறைகள் உணர்வது அவசியம்.

இதற்கான வழிகள் புதியவையல்ல. ஒலியால் ஒத்த பெயர்களை ஒரே தொகுதியில் சேர்க்கும் முறைக்கு ராபர்ட் ரஸ்ஸல் என்பவர் 1918-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். அதனின்று வளர்ந்ததே 'சவுண்டெக்ஸ்' முறை. எழுத்துப் பிழைகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டவை ஓர் எழுத்து மாறுதல், விடுபடுதல், மிகுதல், அடுத்தடுத்த இரண்டு இடம்மாறுதல் ஆகிய நான்கனுள் அடங்கும் என்று பிரெடெரிக் டாமெரோ 1964-இல் எடுத்துக்காட்டினார். ஒரு சொல்லை மற்றொன்றாக மாற்ற எத்தனை திருத்தங்கள் வேண்டும் என்று எண்ணும் அளவையை 1965-இல் ருஷ்ய அறிஞர் லெவென்ஷ்டைன் வகுத்தார். ஆங்கிலச் சொற்களின் விகுதிகளைக் களைந்து அடியைக் காணும் விதிகளை 1980-இல் மார்ட்டின் போர்ட்டர் வெளியிட்டார்.

இம்முறைகள் இன்று சிறு சிறு நிரல் தொகுப்புகளாக, யாரும் எடுத்தாளவும் திருத்தவும் உரிமையுடன் கிடைக்கின்றன. போர்ட்டர் உருவாக்கிய 'ஸ்னோபால்' அவற்றுள் ஒன்று. அதன் துணைகொண்டு, கட்டணமற்ற தரவுத்தள மென்பொருளான 'போஸ்ட்கிரெஸ்கியூஎல்' 2019-இல் வெளியான தன் பன்னிரண்டாம் பதிப்பில் தமிழையும் நேபாளியையும் சேர்த்துக்கொண்டது. அம்மென்பொருளுடன் வரும் மற்றொரு சிறு தொகுப்பு, சொற்களை மும்மூன்று குறியீடுகளாகத் துண்டித்து, பொதுவான துண்டுகளின் விகிதத்தால் ஒப்புமையை அளவிடுகிறது.

ஆயினும், பிறமொழிக்கென வகுத்த கருவியை அவ்வாறே பொருத்திவிட்டால் பயன் முழுமையாகாது. 'கொ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் பதியலாம். ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என இரண்டாகவும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணிப்பொறிக்கு வெவ்வேறு. எனவே பதிவையும் தேடுசொல்லையும் முதலில் ஒரே வடிவிற்குக் கொணர்தல் வேண்டும். இத்தகைய நுட்பங்களை அம்மொழியில் எழுதிப் பழகியவர்களே எளிதில் அறிவர். ஆதலால் இந்திய மொழிகளுக்கான விதிகளைச் செப்பம் செய்யும் பொறுப்பு இந்நாட்டு அறிஞர்களையும் பல்கலைக்கழகங்களையும் சார்ந்தது. திருத்தப்பட்ட நிரலை மீண்டும் பொதுவில் வைப்பின், ஒரு துறையின் உழைப்பு எல்லாத் துறைகளுக்கும் உதவும்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பிரபஞ்சத்தைக் குறிக்கும் 'யுனிவர்ஸ்', பல்கலைக்கழகத்தைக் குறிக்கும் 'யுனிவர்சிட்டி' ஆகிய இரு ஆங்கிலச் சொற்களையும் போர்ட்டர் முறை ஒரே அடியாகக் குறுக்கிவிடும். நூற்பட்டியலில் இதனால் நேர்வது சிறு தொல்லையே. ஆனால் உதவித்தொகை பெறுவோர் பட்டியலில், பெயர் ஒத்திருப்பது கொண்டு இருவரை ஒருவரென முடிவு செய்தால், ஏழை ஒருவரின் உரிமை பறிபோகும். நெகிழ்ந்த தேடல் கண்டுபிடிப்பதற்கே உரியது, தீர்ப்பளிப்பதற்கு உரியதன்று. முற்றும் பொருந்துவனவற்றை முதலிலும், ஒத்திருப்பனவற்றைப் பின்னர் தனியாகவும் காட்டி, எது சரியென்று தெரிந்தெடுப்பதை மனிதரிடமே விடுதல் முறையாகும்.

விடையின்றித் திரும்பிய தேடல்களை, தேடியவர் யாரென்று குறிக்காமல் தொகுத்து ஆராய்வதே முதற்பணியாகலாம். மக்கள் எவ்வாறு எழுதுகின்றனர் என்பதை அவை தெளிவாக உணர்த்தும். தரவுத்தளத்தின் இலக்கணத்தை மக்கள் கற்கவேண்டும் என்று எதிர்பார்ப்பதினும், மக்களின் வழக்கைத் தரவுத்தளத்திற்குக் கற்பிப்பதே அறிவியலுக்கு ஏற்ற நெறியாகும்.