மலையேறும் காலுக்குப் பருத்தி ஆகாது

"காட்டன் சாக்ஸ் போட்டுக்கோ, அதுதான் காலுக்கு நல்லது." மலையேறக் கிளம்புகிறவர்களுக்கு இந்த அறிவுரை வீட்டிலும் கிடைக்கிறது, கடையிலும் கிடைக்கிறது. அழைத்துப்போகும் குழுக்கள் அனுப்பும் பட்டியல்களில்கூட 'காட்டன் சாக்ஸ் 4 ஜோடி' என்று பார்த்திருக்கிறேன். தவறான அறிவுரை இது. பலருடைய குதிகாலைப் புண்ணாக்குவது இதுதான். புண்ணானவர்களோ ஷூ கடித்துவிட்டது என்று ஷூவைத் திட்டுகிறார்கள்.

கர்நாடகத்தின் குக்கே சுப்ரமண்யாவிலிருந்து குமார பர்வதம் ஏறுகிறவர்கள், அடர்காட்டைக் கடந்ததும் பட்டர மனை என்ற வீட்டில் சோறு சாப்பிட உட்காருவார்கள். அங்கே கழற்றிப்போட்ட ஷூக்களுக்குப் பக்கத்தில் கால்களைக் கவனியுங்கள். காட்டன் சாக்ஸைப் பிழிந்தால் சொட்டும். குதிகாலில் துணி தொளதொளவென்று மடிந்து சுருண்டிருக்கும். தோல் ஊறி வெளுத்து, வெகுநேரம் துணி துவைத்த கை மாதிரி சுருங்கியிருக்கும். 1712 மீட்டர் உச்சிக்கு இனிமேல்தான் வெயில் காயும் புல்வெளியில் ஏற வேண்டும்.

கொப்புளம் என்பது வெறும் மேல்தோல் தேய்மானம் அல்ல. அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் உள்ளே எலும்பு நகர்கிறது. சாக்ஸோடு ஒட்டிக்கொண்ட தோலோ நகராமல் நிற்கிறது. இடையில் மாட்டிய தோலடுக்கு இப்படியும் அப்படியும் இழுபட்டு உள்ளுக்குள் கிழிகிறது. அந்த இடைவெளியில் நீர் கோக்கிறது. உலர்ந்த தோலைவிட ஈரத்தோல் துணியை இறுக்கமாகப் பற்றும். அதனால் இழுபடுவதும் அதிகம்.

சட்டைக்கும் வேட்டிக்கும் பருத்தி நல்லதுதான், மறுக்கவில்லை. அங்கே காற்று பட்டு வியர்வை காய்கிறது, உடம்பு குளிர்கிறது. கயிறு இறுக்கிய ஷூவுக்குள் காற்று ஏது? பருத்தி குடித்த வியர்வை அங்கேயே தங்குகிறது, நனைந்த நூல் துவண்டு தட்டையாகிறது. பாலியெஸ்டர் இழை ஈரத்தைக் குடிப்பதே இல்லை எனலாம். கம்பளி, பருத்தியைவிடக் கூடுதலாகவே ஈரம் இழுக்கும். ஆனால் அதை இழைக்குள் வைத்துக்கொள்ளும், சுருள் தன்மையால் நனைந்தும் துவளாது. மெரினோ கம்பளி நம் ஊர் வெக்கைக்கு ஆகாது என்பதும் இதே மாதிரி ஒரு நம்பிக்கைதான். மெல்லியதாகப் பின்னிய மெரினோ, வெயில்காலத்திலும் போடக்கூடியது.

இது என் அனுபவம் மட்டுமல்ல. 1990இல் ஹெரிங், ரிச்சி என்ற இரு அமெரிக்கப் பாத மருத்துவர்கள் நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்கு அடர்த்தியான ஒரே மெத்தைப் பின்னலில் பருத்தி, அக்ரிலிக் சாக்ஸ்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். அக்ரிலிக்கில் கொப்புளங்கள் குறைவு, வந்தவையும் சிறியவை. 1993இல் சாதாரண மெத்தைப் பின்னல் சாக்ஸ்களை வைத்துப் பார்த்தபோது அந்த வித்தியாசம் காணாமல் போனது. ஆகவே நூலோடு பின்னலின் அடர்த்தியும் முக்கியம். 1996இல் வெளியான அமெரிக்க மரைன் படைப் பயிற்சி வீரர்கள் பற்றிய ஆய்வில், வழக்கமான ராணுவ சாக்ஸ் போட்டவர்களில் 69 சதவீதம் பேருக்குக் கொப்புளம் வந்தது. மெல்லிய பாலியெஸ்டர் உள்சாக்ஸும் அதன்மேல் அடர்த்தியான கம்பளி, பாலிப்ரொப்பிலீன் கலந்த சாக்ஸும் போட்டவர்களில் அது 40 சதவீதம். இரண்டு அடுக்குக்கு இடையில் வழுக்கல் நடந்துவிடுவதால் தோல் அவ்வளவு இழுபடுவதில்லை என்பது ஒரு விளக்கம்.

இதைக் கேட்டுவிட்டு இரண்டு காட்டன் சாக்ஸை ஒன்றின்மேல் ஒன்றாக மாட்டுகிறவர்கள் உண்டு. ஈரம் இரட்டிப்பாகும், ஷூ இறுகும், இறக்கத்தில் விரல் நுனி முட்டும். மலைக்குப் போடப்போகும் சாக்ஸோடு போய்த்தான் ஷூ வாங்க வேண்டும்.

சர்க்கரை நோய் உள்ளவர்களும் இப்போது மலையேறுகிறார்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்குக் கொப்புளம் உடைந்ததே தெரியாது. அந்தப் புண் ஆறவும் நாளாகும். அவரிடம் "காட்டன்தான் நல்லது" என்று சொல்வதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

விலையைச் சாக்குச் சொல்ல வேண்டாம். மெரினோ விலை அதிகம்தான். ஆனால் பாலியெஸ்டர், நைலான் கலந்த நடை சாக்ஸ் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மலையேற்றக் குழுக்கள் பட்டியலில் அந்த ஒரு வரியை அடித்துவிட்டு இப்படி எழுதட்டும்: பருத்தி கலக்காத, குதிகாலில் அடர்த்தியான சாக்ஸ் 2 ஜோடி, மதியச் சாப்பாட்டின்போது மாற்றிக்கொள்ளவும்.