அடிக்கப் பொறுத்தவர் காயப் பொறுக்கக் கூடாதா?

பழைய பைக்கைப் புதுசாக்க ஆசைப்பட்டு, ஸ்ப்ரே கேன் வாங்கி வீட்டிலேயே பெயின்ட் அடிப்பவர்கள் உண்டு. உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, பிரைமர் அடிப்பது, கலர் கோட் கொடுப்பது என எல்லாவற்றையும் பொறுமையாகச் செய்வார்கள். கடைசியில் டேப்பை உரிக்கும்போதும், பாகத்தை வண்டியில் மாட்டும்போதும் அவசரப்பட்டு மொத்த உழைப்பையும் கெடுத்துக்கொள்வார்கள்.

டேப்பை எப்போது உரிப்பது?

மாஸ்கிங் டேப் பிறந்ததே கார் பெயின்ட்டுக்காகத்தான். 1920-களில் அமெரிக்காவில் இரட்டை நிற கார்களுக்கு மவுசு. ஒரு நிறத்தை மறைக்க ஒட்டிய காகிதத்தைப் பிய்த்தால் பெயின்ட்டும் சேர்ந்தே வந்துவிடும். இதைக் கண்ட 3எம் நிறுவனத்தின் ரிச்சர்ட் ட்ரூ, 1925-ல் மாஸ்கிங் டேப்பை உருவாக்கினார்.

அந்த டேப்பையும் நேரம் பார்த்துத்தான் உரிக்க வேண்டும். பெயின்ட் முழுசாக இறுகிவிட்டால் டேப்பும் பாகமும் ஒரே படலமாகிவிடும். அப்போது இழுத்தால் ஓரம் பல் பல்லாகப் பெயரும். ரொம்ப ஈரமாக இருந்தால் நூல் நூலாக இழுக்கும். டேப்பின் மேல் படிந்த பெயின்ட்டை விரலால் தொட்டால் லேசாகப் பிசுபிசுக்க வேண்டும். ஆனால் விரலில் ஒட்டக் கூடாது. அதுதான் சரியான பதம். டேப்பைப் பின்பக்கமாக மடித்து, பெயின்ட் அடித்த பகுதியைவிட்டு விலக்கி, மெதுவாக இழுக்க வேண்டும். தாமதமாகிவிட்டால் ஓரத்தில் புது பிளேடால் லேசாகக் கீறிவிட்டு உரிக்கலாம்.

காய்ந்தது வேறு, இறுகியது வேறு

தொட்டால் ஒட்டவில்லை என்றால் மேல்பரப்பு காய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். உள்ளே இருக்கும் கரைப்பான் வெளியேற நாள்கணக்கில் ஆகும். மழைக்காலத்தில் இன்னும் தாமதமாகும். முகர்ந்து பார்த்தால் பெயின்ட் வாடை வருகிறதா? இன்னும் இறுகவில்லை என்று அர்த்தம். அதற்குள் போல்ட்டை முறுக்கினால் வாஷர் தடம் பதியும். துணிமேல் வைத்தால் நெசவுக் கோடு பதியும்.

பெயின்ட் கடைகளில் சுமார் 60 டிகிரி சூட்டில் அரை மணி நேரம் வைத்து இறுக வைப்பார்கள். வீட்டில் இதை முயற்சி செய்யவே கூடாது. காலியான டேங்க்கிலும் பெட்ரோல் ஆவி இருக்கும். அடுப்பு, ஹீட்டர் பக்கம் கொண்டுபோனால் வெடிக்கும் ஆபத்து உண்டு.

டேங்க்குக்குத் தனி கவனம்

சாதாரண ஸ்ப்ரே பெயின்ட் நன்றாகக் காய்ந்த பிறகும் பெட்ரோல் சிந்தினால் கரையலாம். அதனால் டேங்க்குக்கு ஹார்டனர் கலந்த 2கே கிளியர் கோட் அவசியம். ஆனால் அந்த ஹார்டனரில் நுரையீரலைப் பாதிக்கும் ஐசோசயனேட் இருக்கிறது. துணி மாஸ்க் அதைத் தடுக்காது. இந்த வேலையை மட்டும் பெயின்ட் கடையிடம் விடுவதே நல்லது.

ஒரு வாரத்துக்கு வாட்டர் வாஷ் வேண்டாம். மெழுகு பாலிஷ் போட ஒரு மாதமாவது பொறுக்கலாம். கேனில் வேறு நேரம் அச்சிட்டிருந்தால் அதையே பின்பற்ற வேண்டும்.