இட்லிக்கு முன்னா, இட்லிக்குப் பின்னா?

கம்ப்யூட்டரை ஆன் பண்ணிவிட்டு, பல் தேய்த்து, குளித்து, நாலு இட்லியை உள்ளே தள்ளிவிட்டு வந்து பார்த்தாலும் திரையில் அந்தக் குட்டி வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறதா? இந்த வாரம் உங்களுக்காகத்தான். இரண்டாவது இட்லிக்குள் ரெடியாகிவிடுகிறது என்பவர்கள் அடுத்த பக்கத்து ஜோக்குக்குப் போகலாம்.

'எஸ்.எஸ்.டி. போடுப்பா, பறக்கும்' என்று ஆபீஸில் ஒருத்தர் சொல்லியிருப்பார். 'அதெல்லாம் தண்டச் செலவு, திடீர்னு செத்துப் போயிடும்' என்று அடுத்த சீட்காரர் சொல்லியிருப்பார். இரண்டு பேருமே பாதி சரி. நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது உங்கள் சம்பளம்.

முதலில், அந்த வட்டம் ஏன் சுற்றுகிறது? ஏனென்றால் உள்ளே நிஜமாகவே ஒரு தட்டு சுற்றுகிறது. 1956-ல் ஐ.பி.எம். கம்பெனி முதல் ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவந்தது. 24 அங்குலத் தட்டுகள் ஐம்பது. அலமாரி சைஸ். கொள்ளளவு சுமார் 5 எம்.பி. அதாவது, இன்றைக்கு உங்கள் செல்போன் எடுக்கிற ஒரே ஒரு போட்டோ. அதற்குப் பிறகு சைஸ் சுருங்கி, கொள்ளளவு லட்சக்கணக்கான மடங்கு பெருத்தாலும் அடிப்படை மாறவில்லை. தட்டு சுற்றும், ஒரு கை நீண்டு தேடும்.

லேப்டாப் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நிமிஷத்துக்கு 5400 சுற்று. நொடிக்கு 90. 'அடேயப்பா' என்பீர்கள். திருவிழா ராட்டினத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நம் பையன் உட்கார்ந்த குதிரை நம் பக்கம் வருகிறவரை கையில் பஞ்சுமிட்டாயோடு நிற்க வேண்டும். சராசரியாக அரைச் சுற்று. அதற்கு 5 மில்லி செகண்டுக்கு மேல். கை சரியான வரிசைக்கு நகர்வதற்கு இன்னும் ஒரு பத்து. ஆக, ஒரு துண்டுத் தகவலுக்கு 15 மில்லி செகண்ட். நொடிக்கு அறுபது, எழுபது துண்டுதான் தேறும். கம்ப்யூட்டர் எழுந்து நிற்பதற்குத் தட்டு முழுக்கச் சிதறிக் கிடக்கிற ஆயிரக்கணக்கான துண்டுகள் வேண்டும். உங்கள் நாலு இட்லி இங்கேதான் போகிறது.

எஸ்.எஸ்.டி.யில் சுற்றுகிற சமாசாரமே கிடையாது. ஜப்பானில் தோஷிபா கம்பெனியில் ஃபுஜியோ மசுவோகா என்கிற எஞ்சினியர் உருவாக்கி, 1987-ல் அறிவித்த ஃப்ளாஷ் மெமரிதான் அதற்கு மூலம். மின்னூட்டத்தைச் சின்னச் சின்ன அறைகளில் பிடித்து வைக்கிற சிலிக்கான் சில்லு. கேட்டால் 0.1 மில்லி செகண்டில் பதில். ராட்டினம் இல்லை, எல்லாக் குழந்தையும் பக்கத்திலேயே நிற்கிறது. நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம்.

சரி, காசு போடலாமா? ஆளைப் பொறுத்த விஷயம்.

முதல் ஆசாமி: பழைய லேப்டாப், உள்ளே சுற்றுகிற டிஸ்க். கடைக்குப் போகும் முன் ஒரு செலவில்லாத டெஸ்ட். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கினால் டாஸ்க் மேனேஜர் வரும். கம்ப்யூட்டர் திணறும்போது அதில் 'டிஸ்க்' நூறு சதவிகிதத்தில் நிற்கிறதா? கண்ணை மூடிக்கொண்டு எஸ்.எஸ்.டி. போடலாம். டிஸ்க் சும்மா இருந்து 'மெமரி' நிரம்பி வழிந்தால் முதலில் ரேமைக் கூட்டுங்கள். இரண்டுமே சும்மா இருந்து வெப்சைட் மட்டும் வரவில்லையா? அது உங்கள் நெட். அதற்கு எஸ்.எஸ்.டி.யில் மருந்து இல்லை.

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். காலையில் வீணாகிற 3 நிமிஷம் மட்டும், வருஷத்துக்கு 300 வேலை நாள். 900 நிமிஷம், அதாவது 15 மணி நேரம். புது லேப்டாப் வாங்கலாம் என்று லோன் விண்ணப்பம் வரை போனவர்கள், அதன் விலையில் ஒரு சிறு பங்கில் விஷயம் முடிவதைப் பார்த்து மனைவியிடம் நல்ல பெயர் வாங்கலாம்.

ஒரு எச்சரிக்கை. விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பழைய லேப்டாப்கள் பலவற்றில் விண்டோஸ் 11 'நீ வேண்டாம்' என்று சொல்லிவிடும். தமிழக அரசு 2011-ல் மாணவர்களுக்குத் தர ஆரம்பித்த லேப்டாப்களில் ஆரம்பக் காலத்தவை இந்த ரகம். லினக்ஸ் போட்டுக்கொள்ளத் தயார் என்றால் செலவு பண்ணலாம். இல்லையென்றால், ஓடாத வண்டிக்குப் புது டயர் மாட்டின கதைதான்.

இரண்டாவது ஆசாமி: ஏற்கெனவே சாட்டா ரக எஸ்.எஸ்.டி. வைத்திருக்கிறார். கடைக்காரர் விடுவதாக இல்லை. 'சார், உங்களது 550 எம்.பி. ஸ்பீடு. என்.வி.எம்.ஈ. போட்டா 7000!' பொய்யில்லை. ஆனால் அந்த 7000, ஒரே பெரிய ஃபைலை ஒரே மூச்சில் கொட்டும்போது மட்டும். உங்கள் எக்செல், ஈமெயில், பிரவுசர் எல்லாம் சில்லறைச் சில்லறையாகக் கேட்கிறவை. பந்தயக் காரை ரங்கநாதன் தெருவில் ஓட்டினால் எவ்வளவு வேகம் போவீர்கள்? வீடியோ எடிட் பண்ணுகிறவர் வாங்கட்டும். நாம் அந்தக் காசுக்கு ஒரு சட்டை எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது ஆசாமி: சினிமா, கல்யாண வீடியோ, பத்து வருஷத்துப் போட்டோ என்று டெராபைட் கணக்கில் சேர்த்து வைப்பவர். அவருக்கு ஹார்ட் டிஸ்க்தான் லாபம். ஜி.பி. கணக்கில் இன்னமும் மலிவு. சும்மா கிடக்கிற சாமானுக்கு ஏ.சி. ரூம் எதற்கு?

இப்போது அடுத்த சீட்காரரின் 'செத்துப் போயிடும்' பயம். எஸ்.எஸ்.டி.யில் எழுதி எழுதி அழிப்பதற்கு ஓர் எல்லை உண்டு என்பது நிஜம். 500 ஜி.பி. டிரைவ் ஒன்றின் உத்தரவாதத்தில் '300 டெராபைட் எழுதலாம்' என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். தினம் 20 ஜி.பி. எழுதினால் 41 வருஷம் வரும். அதற்குள் நீங்களே ரிடையர் ஆகியிருப்பீர்கள்.

ஆனால் எழுதித் தீர்ந்து சாவதைவிட, உள்ளே இருக்கிற கன்ட்ரோலர் சில்லு மூச்சை நிறுத்துவதுதான் ஆபத்து. ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் 'டக்... டக்...' என்று முனகி, உறவினரைக் கூப்பிட அவகாசம் தரும். எஸ்.எஸ்.டி. ராத்திரி சாப்பிட்டுப் படுத்த மனுஷன் மாதிரி. காலையில் இல்லை. போனதை மீட்பது இன்னும் கஷ்டம். குழந்தை முதன்முதலாக நடந்த வீடியோ அதில் மட்டும் இருந்தால் எந்தக் கடையிலும் திரும்ப வாங்க முடியாது. மின்சாரமே காட்டாமல் வருஷக்கணக்கில் பீரோவில் பூட்டி வைத்தாலும் மின்னூட்டம் மெல்லக் கசிந்துவிடும். லாக்கர் வேலைக்கு அது ஆகாது.

ஆகவே கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்க்கைக் காயலான் கடைக்கு அனுப்பாதீர்கள். ஓர் உறை வாங்கி மாட்டினால் யு.எஸ்.பி.யில் வேலை செய்யும். ரிடையர் ஆன குமாஸ்தாவுக்கு வீட்டுக் கணக்கு எழுதுகிற வேலை. வாரம் ஒருமுறை முக்கியமானதை அதில் நகல் எடுங்கள். அதற்கும் வயசாகிவிட்டது என்பதால் இன்னொரு நகல் வேறெங்காவது இருக்கட்டும்.

விலையை நான் எழுதப் போவதில்லை. 2023-ல் அடிமாட்டு விலைக்கு விற்றதை, 2025 கடைசியில் ஏ.ஐ. கம்பெனிகள் மெமரி சில்லுகளை மூட்டை மூட்டையாக வாரிக்கொண்டு போய் மறுபடி ஏற்றிவிட்டன. தக்காளி மாதிரி, வாங்கும் அன்றைக்குத்தான் கேட்க வேண்டும். யாராவது '2 டெராபைட், ரொம்ப சீப் சார்' என்று பெயர் தெரியாத ஒன்றை நீட்டினால் மட்டும் நடையைக் கட்டுங்கள். உள்ளே 64 ஜி.பி.யை வைத்து, வெளியே 2 டெராபைட் என்று பொய் சொல்ல வைக்கிற வித்தை ரொம்ப நாளாக நடக்கிறது.

எல்லாம் சரி, எஸ்.எஸ்.டி.யால் நஷ்டமே கிடையாதா என்றால் ஒன்று உண்டு. 'சிஸ்டம் இன்னும் வரலை சார்' என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு இனி கேன்டீன் பக்கம் ஒதுங்க முடியாது. வாங்குவதற்கு முன் யோசித்துக்கொள்ளுங்கள்.