மார்பில் கட்டியா? மறைக்கவும் வேண்டாம், மலைக்கவும் வேண்டாம்

தோட்டத்துத் தாய்மார்களே, சகோதரிகளே!

குளிக்கும்போது மார்பில் கோலிக்குண்டு போல ஏதோ கையில் தட்டுப்படுகிறது. வலி இல்லை. அமுக்கினால் நழுவி ஓடுகிறது. உடனே ஒரு சாரார், "ஐயோ, புற்றுநோய் வந்துடுச்சே" என்று மனதிற்குள் அழுதுகொண்டு யாரிடமும் சொல்லாமல் மறைக்கிறார்கள். இன்னொரு சாரார், "வலிதான் இல்லையே, கெடக்கட்டும்" என்று மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். இரண்டுமே தவறு.

15 முதல் 35 வயது வரையுள்ள பெண்களுக்கு வரும் இத்தகைய கட்டி பெரும்பாலும் 'பைப்ரோஅடினோமா' என்பதாகும். பால் சுரப்பியும் அதைச் சுற்றியுள்ள நார்ச்சதையும் சேர்ந்து வளர்வதே இது. இது புற்றுநோய் அல்ல. மற்ற உறுப்புகளுக்குப் பரவாது. செய்வினையும் அல்ல, கண்ணேறும் அல்ல.

ஆனால், 'சாதாரணக் கட்டிதான்' என்று சொல்லவேண்டியவர் டாக்டர். பக்கத்து வீட்டு அக்கா அல்ல. கையால் பார்ப்பது, ஸ்கேன் எடுப்பது, தேவைப்பட்டால் ஊசியால் துளி சதை எடுத்துச் சோதிப்பது ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் உண்மை தெரியும். 2012 முதல் 2016 வரையிலான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, நம் நாட்டில் மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு அது 3 அல்லது 4ஆம் கட்டத்தில்தான் தெரியவந்தது. தாமதத்தின் விலை அது! 40 வயதைத் தாண்டியவர்களும், காம்பில் இரத்தம் கசிபவர்களும், தோல் உள்ளிழுத்துக் காணப்படுபவர்களும் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

சோதனையில் சாதாரணக் கட்டி என்று உறுதியானால், எல்லாவற்றையும் வெட்டி எடுக்கவேண்டியதில்லை. சிறியதை விட்டுவிட்டு, டாக்டர் சொல்லும் தேதியில் மறுபடி ஸ்கேன் பார்த்துக்கொண்டால் போதும். 3 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தாலோ, வளர்ந்துகொண்டே போனாலோ, சந்தேகம் இருந்தாலோ எடுத்துவிடச் சொல்வார்கள். மயக்க மருந்து கொடுத்து, சிறு கீறல் போட்டுக் கட்டியை மட்டும் எடுப்பார்கள், மார்பை எடுப்பதில்லை. பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். "கத்தி பட்டால் பரவும்" என்பது வெறும் பேச்சு. எடுத்த கட்டியைச் சோதனைக்கு அனுப்புவார்கள். அந்த முடிவை மறக்காமல் போய் வாங்குங்கள். டாக்டருக்குத் தமிழ் தெரியாவிட்டால், "இனி கன்சர் கா, புக்கான்?" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கமென்ன?

ஆண் டாக்டரிடம் காட்டக் கூச்சமாக இருந்தால், பக்கத்தில் தாதி இருக்கவேண்டும் என்று கேட்கலாம்.

"ஒரு நாள் சம்பளம் போயிடுமே" என்ற கவலைதான் பலரைத் தடுக்கிறது. தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சம்பளத்துடன் கூடிய நோய் விடுப்பு வேலைக் காலத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 14, 18 அல்லது 22 நாள். ஆஸ்பத்திரியில் தங்க நேர்ந்தால் 60 நாள். 2023 சனவரி 1 முதல் இது தனிக் கணக்கு. எம்.சி. வாங்கிக்கொண்டு, விடுப்பு தொடங்கிய 48 மணி நேரத்திற்குள் நிர்வாகத்திடம் தெரிவித்துவிடுங்கள். கிராணி மறுத்தால் சங்கத் தலைவரிடம் வாருங்கள்.

கணவன்மார்களுக்கும் ஒரு வார்த்தை. செம்பனைக் குலையைத் தூக்கும் கைக்கு, மனைவியை கிளினிக்குக்கு அழைத்துப்போவது பாரமா? கல்யாணமாகாத பெண் என்றால், "வடு விழுந்தால் வரன் வராது" என்று பெற்றோர் மறைக்கிறார்கள். வடு மங்கிப்போகும், போன உயிர் வராது.

கட்டியைக் கண்டவுடன் காட்டுங்கள். பயம் போகட்டும், உண்மை தெரியட்டும்!